நாற்பதாம் வில்லை

வெள்ளிக்கிழமை பன்னிரண்டே முக்காலுக்கு ஹேங்கரில் சத்தம் அடங்கியது. தொழுகைக்குப் போகிறவர்கள் இரண்டு வேனில் ஏறிப் போய்விட்டார்கள். இரண்டரைக்கு முன்னால் திரும்பமாட்டார்கள். மற்றவர்கள் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய தகரக் கூரைக்குக் கீழே ஒரு விமானமும், கம்பி வலைக்குப் பின்னால் சாமான் ஸ்டோரில் நானும் மட்டும் இருந்தோம். நான் மூன்றாம் பலகைக்கு முன்னால் நின்று, இடமிருந்து ஏழாவது சாக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஸ்டோரில் ஒன்பது பலகைகள். ஒவ்வொன்றிலும் மஞ்சள் நுரையை வெட்டி, ஒவ்வொரு சாமானுக்கும் அதன் உருவத்திலேயே ஒரு பள்ளம் செய்திருப்பார்கள். ஸ்பானர் இல்லையென்றால் ஸ்பானர் வடிவத்தில் மஞ்சள் தெரியும். சாமான் எடுக்க வருகிறவர் தன் எண் அடித்த பித்தளை வில்லையைக் கொடுப்பார். நான் அதை அந்தப் பள்ளத்துக்கு மேலே இருக்கும் கொக்கியில் மாட்டுவேன். சாமான் திரும்பி வந்தால் வில்லை திரும்பிப் போகும். ஒரு பள்ளம் காலியாக இருந்தால் ஒரு விமானமும் வெளியே போகக்கூடாது. ஸ்டோருக்கும் நாற்பதாம் எண் போட்ட வில்லைகள் உண்டு. நான் எதையும் எடுத்துக்கொண்டு எங்கேயும் போவதில்லை என்பதால் அவை செய்த நாளில் இருந்த மாதிரியே பளபளவென்று டிராயருக்குள் கிடந்தன.

சாக்கெட் என்பது நட்டின் மேல் மாட்டித் திருகும் ஒரு குட்டிக் குழல். ஏழாவது சாக்கெட் சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். தள்ளி நின்று பார்த்தால் பக்கத்தில் இருப்பவற்றுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. கிட்டப் போனால் மற்றவற்றில் எல்லாம் பொடி எழுத்தில் ஓர் எண் செதுக்கியிருக்கும். இதில் இல்லை. இது கூலாய் டவுனில் ஒரு சீனர் ஹார்ட்வேர் கடையில் வாங்கியது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இதை இந்தப் பள்ளத்தில் அழுத்தி வைத்தது நான்தான்.

கெட்டிலுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அது வந்துவிட்டது. இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஒரு டார்ச் காணாமல் போனதாம். அப்போதிருந்த மேனேஜர் பதினாலு பேரை வெளியே வெயிலில் வரிசையாக நிற்கவைத்து, யார் யார் என்று கத்திக் கடைசியில் லோகேஸ்வரன் அண்ணனை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார். மறுவாரம் டார்ச் வேறொருவருடைய பெட்டியில் கிடைத்தது. அதற்குப் பிறகு எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, அடிக்கடி தொலைகிற சின்னச் சாமான்களில் பன்னிரண்டை வாங்கி டின்னில் போட்டு வைத்தார்கள். யாராவது எதையாவது தொலைத்தால் ஸ்டோரில் இருப்பவர் டின்னிலிருந்து எடுத்துப் பள்ளத்தை அடைக்கவேண்டும். தொலைத்தவர் நிதானமாகத் தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து மாற்றிவிடவேண்டும். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவேண்டாம். நான் வந்து இரண்டு வருஷத்தில் நாலு தடவை செய்திருக்கிறேன். நாலு தடவையும் மறுநாள் காலைக்குள் சாமான் வந்துவிட்டது, சட்டைப் பையிலிருந்து அல்லது சாப்பாட்டுப் பையிலிருந்து. வாசலில் பெரிய பலகையில் விபத்தில்லாத நாட்கள் 611 என்று எழுதியிருந்தது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் நல்ல காரியம் செய்கிறோம் என்றுதான் எனக்குத் தோன்றும்.

இந்த முறை மூன்று நாள் ஆகியும் வரவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு விமானம் சோதனைப் பறப்புக்குப் போகிறது. நாளைக்குக் காலையில் பத்தொன்பது பேரை ஏற்றிக்கொண்டு தீவுக்குப் போகும்.

"ஆட்ரி, சாப்டாச்சா?"

நான் பலகையை விட்டு நகர்ந்தேன். கமலநாதன் சார் கையில் சாவிக்கொத்தோடு வந்தார். கம்பார் என்ற ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு முன்னால் வந்த பாதுகாப்பு அதிகாரி. முப்பது வயதுகூட இருக்காது. எப்போதும் வேர்த்துக்கொண்டே இருப்பார். அவர் வந்த வாரத்தில் எங்கள் ஸ்டோர் சுவரில் ஒரு பெட்டியை அடித்து, பக்கத்தில் மஞ்சள் அட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டார். ஏதாவது தப்பாகப் போகலாம் என்று தோன்றினால், போவதற்கு முன்னாலேயே எழுதிப் போடவேண்டும், பேர் போட வேண்டியதில்லை என்றார். அன்றிலிருந்து அவருக்குப் பேரே மஞ்ச அட்டை. வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் பெட்டியைத் திறப்பார். இதுவரை வந்தது ஒரே ஓர் அட்டை: 'கேன்டீன் சம்பல் ரொம்ப காரம். டாய்லெட்டில் விபத்து நடக்க வாய்ப்பு உண்டு.' அவர் அதற்கும் ஓர் எண் போட்டு, கேன்டீனுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். ஒரு வாரம் சிரித்தார்கள். சம்பலில் காரம் குறைந்ததை யாரும் பேசவில்லை.

அவர் பெட்டியைத் திறந்து கையை விட்டுத் துழாவினார். ஒரு மிட்டாய்த் தாள் வந்தது.

"ஆறு மாசம் ஆச்சு. சம்பல தவிர ஒண்ணும் இல்ல. ஹெட் ஆபிஸ்ல பெட்டிய கழட்டிருங்கன்னு சொல்றாங்க. ஒண்ணும் வரலன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தமாம்."

அவர் உள்ளே வந்து கெட்டிலைத் தொட்டுப் பார்த்தார்.

"சுடுதண்ணி எடுத்துக்கவா? காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்புடல. இதுல பிஸ்கட் இருக்கா?"

அவர் கை டின்னின் மேல் இருந்தது.

"இல்ல சார். காலி. எறும்பு வந்துருச்சு."

சர்க்கரையை எடுப்பதற்காக அவர் டின்னைக் கொஞ்சம் ஒதுக்கினார். உள்ளே கிணுங் என்றது. அவர் என்னைப் பார்த்தார். அப்போது அவருடைய போன் அடித்தது. பேசிக்கொண்டே கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் டின்னைத் தூக்கிக் காலுக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

ஸ்டானிஸ்லாஸ் அத்தான் ஹேங்கரின் பின்வாசல் வழியாக வந்தார். என் அக்கா டொரத்தியின் கணவர். பதினோரு வருஷமாக இங்கே மெக்கானிக். இந்த வேலைக்கு என்னைச் சேர்த்துவிட்டதும் அவர்தான். பள்ளிக்கூடத்தைப் பதினாலு வயதில் இரண்டாம் படிவத்தோடு நிறுத்தியவளை யாரும் வேலைக்கு எடுக்கமாட்டார்கள் என்று வீட்டில் எல்லாரும் சொன்னபோது, "அவளுக்குக் கண்ணு நல்லா இருக்கு, அது போதும்" என்று மேனேஜரிடம் போய் நின்றவர்.

"மஞ்ச அட்ட வந்தானா? என்ன கேட்டான்?"

"பிஸ்கட் கேட்டாரு."

"அலமாக்." அடக்கடவுளே என்பதை மலாயில் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. 

"கெடச்சுச்சா அத்தான்?"

"எங்க? காரு சீட்டையே கழட்டிப் பாத்துட்டேன். உங்கக்கா வாஷிங் மெஷினக் கவுத்துப் பாத்துட்டா. ஏதோ ஸ்க்ரூன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"அப்ப அங்கதான் இருக்கும்."

"எங்க?"

நான் விமானத்தைப் பார்த்தேன். வெள்ளை வயிற்றோடு, கழுவித் துடைத்து, எல்லாக் கதவும் சாத்தி நின்றது. அதன் தரைத்தகடுகளுக்கு அடியில் வால்வரை கம்பிக்கயிறுகள் ஓடுகின்றன. விமானி முன்னால் இழுத்தால் பின்னால் வாலின் மடல் எழும்புவது அந்தக் கயிறுகளால்தான். அவை கப்பிகளில் ஏறி இறங்கும் இடத்தில் சுண்டுவிரல் நுனி அளவு இரும்பு ஒன்று உருண்டுபோய் மாட்டினால் என்ன ஆகும் என்று, நான் சேர்ந்த முதல் மாதத்தில், ஒரு ரொட்டித் துண்டையும் நூலையும் வைத்து எனக்குக் காட்டியவரே அத்தான்தான்.

"டார்ச் அடிச்சுப் பாத்துட்டுத்தான்டி மூடுனேன்."

"போனுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

அவர் பையிலிருந்து தன் வில்லை ஒன்றை எடுத்தார். செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு ஸ்டோர் போன் அடித்தது. விமானத்தில் வேலை செய்கிற யாரும் கையில் போன் வைத்துக்கொள்ளக்கூடாது. போன், மோதிரம், சாவி எல்லாம் ஸ்டோரில் புறாக்கூண்டு மாதிரி அடுக்கிய சின்ன அறைகளில் ஆளுக்கொன்றில் இருக்கும். அக்காதான் பேசினாள். சிங்கப்பூர் கம்பெனியிலிருந்து கடிதம் வந்துவிட்டது, நேர்முகம் பாஸ், கத்தினாள், அழுதாள், "இப்பவே சொல்லு ஆட்ரி, ஓடு" என்றாள். நான் ஓடினேன். மூடும் வேலை நடக்கும்போது கூப்பிடாதே என்று விமானத்தின் படிக்கட்டிலேயே எழுதித் தொங்கவிட்டிருந்தது. அதைத் தாண்டிப் போய், தரைக்குள் பாதி உடம்போடு இருந்தவரின் காலைத் தட்டினேன். அவர் வெளியே வந்து, கேட்டு, என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினார். அப்புறம் போனில் பேசினார். அப்புறம் எல்லாரும் வந்து கைகொடுத்தார்கள். அப்புறம்தான் போய் மூடினார். சாயங்காலம் சாமான்களை என்னிடம் கொடுத்தபோது ஒன்று குறைந்தது.

"அறுபத்திரண்டு ஸ்க்ரூ," என்றார். "மேல பூசுன பசை வேற. தொறந்தா ஏன் தொறந்தேன்னு எழுதணும். எழுதுனா இவனுங்க திங்கக்கிழம அனுப்புறேன்னு சொன்ன லெட்டர் போவாது. பதினோரு வருசத்துல ஒரு தப்பு இல்லன்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்குற லெட்டர். அது இல்லன்னா சிங்கப்பூர் இல்ல. லோகேஸ் இப்ப தெப்ராவ்ல லாரி ஓட்டுறான், தெரியும்ல?"

"தெரியும் அத்தான்."

"சாயங்காலம் நானேதான் ஏறிப் போறேன். மூடுனவன்தான் ஏறணும், அதான இங்க வழக்கம்? எனக்கே பயம் இல்ல. ஒனக்கு என்ன?"

நான் அவர் கையைப் பார்த்தேன். பதினேழாம் எண் வில்லையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். விரலில் ரத்தம் இல்லாமல் வெளுத்திருந்தது.

"இன்னிக்கு மட்டும் சும்மா இரு, ஆட்ரி. பறந்துட்டு வந்து நானே தொறந்து பாக்குறேன். சத்தியமா."

போகத் திரும்பியவர் மறுபடி வந்தார். புறாக்கூண்டிலிருந்து கார் சாவியை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

"உங்கக்கா அஞ்சு மணிக்கு பஸ்ஸுல வருவா. இத அவகிட்ட குடுத்துரு."

அவர் போன பிறகுதான் அது எனக்கு உறைத்தது. சோதனைப் பறப்பு நாற்பது நிமிஷம். நாலு மணிக்கு ஏறினால் ஐந்து மணிக்கு அவரே இங்கே நிற்பார். சாவியை அவரே கொடுக்கலாம்.

நான் சாவியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அக்கா மாட்டிவிட்ட பிளாஸ்டிக் அன்னாசிப்பழம் அதில் தொங்கியது. கேன்டீனிலிருந்து யாரோ சிரிக்கிற சத்தம் வந்தது. கடிகாரம் ஒன்று நாற்பது காட்டியது. நான் ஒரு மஞ்சள் அட்டையைப் பிய்த்து எடுத்தேன்.

அட்டையில் இரண்டே கேள்விகள், மலாயிலும் ஆங்கிலத்திலும். என்ன பார்த்தீர்கள், அதனால் என்ன நடக்கலாம். எனக்கு இரண்டும் பேச வரும். எழுத உட்கார்ந்தால் வகுப்பில் எல்லாரும் திரும்பிப் பார்த்த ஞாபகம் வந்து விரல் மடங்கிவிடும். தமிழில் எழுதினேன். அத்தான் பேரை எழுதவில்லை. பக்கத்துக்குள் அடங்காமல் பின்புறமும் எழுதினேன். எழுதி முடித்து, பெட்டியின் வாயில் பாதி நுழைத்த பிறகுதான், பெட்டியை அவர் இப்போதுதான் திறந்துவிட்டுப் போனார் என்பது நினைவுக்கு வந்தது. இனி அடுத்த வெள்ளிக்கிழமை.

அவருடைய அறைக்கு ஹேங்கரின் குறுக்கே நடக்கவேண்டும். விமானத்தின் மூக்குக்குக் கீழே போகும்போது தலையைக் குனிந்துகொண்டேன். குனியத் தேவையில்லாத உயரம்தான். ஒரு கையில் அட்டை, மறு கையில் டின். ஒவ்வோர் அடிக்கும் டின் சத்தம் போட்டது.

கமலநாதன் சார் அட்டையை வாங்கிப் பார்த்தார். முகம் தடுமாறியது.

"எனக்குத் தமிழ் படிக்க வராது ஆட்ரி. பேச மட்டும்தான். நீயே படி."

இரண்டு வருஷத்தில் நான் இங்கே மேலதிகாரிகள் யார் முன்னாலும் நாலு வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. அட்டையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு படித்தேன்.

'மூன்றாம் பலகையில் ஏழாவது சாக்கெட் கம்பெனிச் சாமான் இல்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அதை அங்கே வைத்தது நான். உண்மையான சாக்கெட் எங்கே என்று தெரியவில்லை. அன்றைக்குத் தரைத்தகடு மூடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது என்று நடுவில் கூப்பிட்டதும் நான். கூப்பிடக்கூடாது என்று எனக்குத் தெரியும். பிஸ்கட் டின்னில் இன்னும் பதினோரு சாமான் இருக்கிறது. இதற்கு முன்னால் நாலு தடவை வைத்திருக்கிறேன். என்ன நடக்கலாம்: நாலு மணிக்கு விமானம் பறக்கப்போகிறது.'

நான் டின்னை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தேன். அவர் உள்ளே பார்த்தார்.

"எறும்பு இவ்ளோ கனமா இருக்குமான்னு அப்பவே நெனச்சேன்," என்றார். சொல்லிவிட்டு அவரே பயந்துபோன மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டார். "யாரு மூடு..." என்று ஆரம்பித்து, நிறுத்தினார். "வேணாம். நீ சொல்லாத. வேல பேப்பர்ல கையெழுத்து இருக்கும்."

"அவங்களுக்கு என்ன ஆவும் சார்?"

"தெரியல. என் கையில இருக்குன்னா ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிருவேன். என் கையில இல்ல. எனக்கே என்ன ஆவும்னு தெரியல."

அவர் பொய் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். தலைமை மெக்கானிக் ஹிஷாமுக்குப் போன் அடித்தார். தொழுகையில் போனை அணைத்திருந்தார்கள். முதலாளிக்கு அடித்தார். மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே முதலாளியின் குரல் கேட்டது. என்ன ஆதாரம், ஓர் ஆணியைவிடச் சின்ன சாமானுக்கா, நாளைக்குப் பத்தொன்பது டிக்கெட், யார் சொன்னது. "ஒரு அட்டை வந்திருக்கு பாஸ்," என்றார் ஆங்கிலத்தில். மறுபடியும் அதையே சொன்னார். "ஒரு அட்டை வந்திருக்கு." போனை வைத்தபோது அவர் காது சிவந்திருந்தது. டிராயரை இழுத்துத் தேடி ஒரு சிவப்புத் துணிப்பட்டையை எடுத்தார். ஒரு தடவையும் பிரிக்காத பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. நகத்தால் கிழிக்க முடியாமல் பல்லால் கடித்துப் பிரித்தார். இரண்டு பத்துக்கு அது விமானத்தின் கதவில் தொங்கியது. பறக்கக்கூடாது என்று அர்த்தம்.

நான் ஸ்டோருக்குத் திரும்பினேன். ஏழாவது சாக்கெட்டை நகத்தால் நெம்பி எடுத்தேன். மஞ்சள் நுரையில் வட்டமான பள்ளம் ஒன்று தெரிந்தது. மேலே கொக்கி காலியாக இருந்தது. அங்கே மாட்டவேண்டியது அத்தானுடைய வில்லை. அதை நான் செவ்வாய்க்கிழமையே திருப்பிக் கொடுத்துவிட்டேன். டிராயரைத் திறந்து நாற்பதாம் எண் வில்லை ஒன்றை எடுத்து மாட்டினேன். அவ்வளவு பழைய வில்லைகளுக்கு நடுவில் அது கண்ணைக் குத்துகிற மாதிரி மின்னியது.

வேன்கள் திரும்பி வந்தன. இறங்கியவர்கள் பேசிக்கொண்டே வந்து, சிவப்புப் பட்டையைப் பார்த்து ஒவ்வொருவராக நின்றார்கள். கேன்டீனில் இருந்தவர்களும் வந்துவிட்டார்கள். "என்னா, சம்பல் மறுபடி காரமாயிருச்சா?" என்றார் மெக்கானிக் ரூபேந்திரன். யாரும் சிரிக்கவில்லை. கமலநாதன் சார் ஹிஷாமைத் தனியாக அழைத்துப் போய்ப் பேசினார். டின் அவர்கள் இருவருக்கும் நடுவில் தரையில் திறந்து கிடந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். அப்புறம் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் பார்த்தார்கள். நான் பேனாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். எழுத ஒன்றும் இல்லை.

அத்தான் கடைசியாக வந்தார். அவர் சிவப்புப் பட்டையைப் பார்க்கவில்லை. நேராக மூன்றாம் பலகையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஹிஷாம் ஏதோ கேட்டார். "நானே தொறக்குறேன்," என்று அத்தான் சொன்னது எனக்குக் கேட்டது.

முதலில் இருக்கைகளை வெளியே எடுத்தார்கள். அதற்கே ஒரு மணி நேரம் ஆனது. நாலு மணி வந்தது, போனது. பிறகு ஸ்க்ரூக்கள். ஒவ்வொன்றும் தகரத்தட்டில் விழும் சத்தம் ஸ்டோர்வரை வந்தது. நான் எண்ணினேன். முப்பத்தெட்டில் ஒரு தடவை நின்று, பசையைச் சுரண்டும் சத்தம் கேட்டு, மறுபடி தொடங்கியது. வாசலில் 611 அப்படியேதான் இருந்தது. அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஐந்து மணிக்கு அக்கா கேட் காவலாளியிடமிருந்து போன் செய்தாள். "எங்கடி உங்க அத்தான்? சாவி உன்கிட்ட இருக்காம்ல?"

"வேலையில இருக்காரு. கூப்பிட முடியாது அக்கா. நீ அங்கயே உக்காரு."

அறுபத்திரண்டாவது விழுந்த பிறகு அவர் இறங்கி ஸ்டோருக்கு வந்தார். முழங்கால் முழுக்கப் பசைத்தூள். இரண்டு வில்லைகளை மேசைமேல் வைத்தார்.

"டார்ச். கண்ணாடிக் குச்சி."

சாமான் கேட்டால் எப்போதும் முதலில் என் பேர் வரும்; இன்று வரவில்லை. நான் டார்ச்சையும், இடுக்குக்குள் விட்டுப் பார்க்க நுனியில் முகக்கண்ணாடி பொருத்திய குச்சியையும் எடுத்துக் கொடுத்தேன். கார் சாவி அன்னாசிப்பழத்தோடு எங்களுக்கு நடுவில் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். எடுத்துத் தன்னுடைய புறாக்கூண்டில் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

பதினேழை இரண்டு கொக்கியிலும் மாட்டினேன். ஹேங்கரின் வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. விளக்குப் போட யாரும் நகரவில்லை. விமானத்துக்குள் டார்ச் எரிந்தது. தரைக்கு அடியிலிருந்து எழும்பிய வெளிச்சம் முதல் சன்னலில் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவதில். மூன்றாவதைத் தாண்டி நாலாவது சன்னலுக்கு வந்தது. எதையோ கண்டுவிட்ட மாதிரி அங்கே அசையாமல் நின்றது.